1953 தொடக்கக் கல்வித் திட்டம்: ஒரு பாடத்திட்டத்தின் வரலாறு

பாடத்திட்டத்தை உருவாக்குவதில் கல்விக் கொள்கை மட்டுமன்றி நிதி, ஆசிரியர் எண்ணிக்கை, சமூக அமைப்பு ஆகியனவும் பங்கு கொள்கின்றன. இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது சென்னை மாநிலத்தின் ஊரகப் பகுதிகளுக்காக 1953இல் அறிவிக்கப்பட்ட மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம் இதற்குத் தெளிவான சான்றாகும்.

14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் வழங்க முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு கூறியது. ஆனால் பள்ளி வயதினரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பள்ளிக்கு வெளியே இருந்தனர். புதிய கட்டடங்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பணம் இல்லை. எனவே நாள்தோறும் 5 மணி நேரமாக இருந்த வகுப்பு 3 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. காலையில் ஒரு பிரிவினர், பிற்பகலில் மற்றொரு பிரிவினர். அதே ஆசிரியர், அதே கூடம். கணக்கு என்ற அளவில் இதில் பிழையில்லை.

சிக்கல் மீதி நேரத்தில் இருந்தது. அந்நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது திட்டம். காந்தியின் ஆதாரக் கல்வியே இதற்கு முன்மாதிரி என்று ஆதரவாளர்கள் கூறினர். இந்த ஒப்புமை முழுமையானதன்று. 1937இல் வார்தாவில் உருவான அத்திட்டத்தில் கைத்தொழில் பள்ளிக்குள், ஆசிரியரிடம், எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகக் கற்பிக்கப்பட வேண்டியது. 1953 திட்டத்திலோ அது வீட்டுக்குப் போய்விட்டது. தொழில் சாதியோடு பிணைந்திருந்த ஊர்களில், சலவைத் தொழிலாளியின் மகன் வெளுக்கவும் முடிதிருத்துநரின் மகன் கத்தி பிடிக்கவும் கற்பான் என்பதே அதன் நடைமுறைப் பொருள். நகரப் பள்ளிகளுக்குத் திட்டம் பொருந்தாது என்பது ஐயத்தை மேலும் வளர்த்தது. எதிர்ப்பாளர்கள் இதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்றனர். இன்றும் பெரும்பாலோர் அறிந்த பெயர் அதுவே.

பெரியாரின் திராவிடர் கழகமும் தி.மு.க.வும் போராட்டத்தில் இறங்கின. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. 1953 சூலையில் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 138, எதிராக 138 வாக்குகள் விழுந்தன. பின்னர் அமைக்கப்பட்ட பருலேகர் குழு திட்டத்தை ஏற்றே அறிக்கை அளித்தது. கல்வியாளர்களின் ஒப்புதல் கிடைத்தும் பெற்றோரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளிகள் முழு நேரத்துக்குத் திரும்பின. ஏழைக் குழந்தைகளை அங்கு வரவழைக்க 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது.