குத்தியவள் பெயர்

என் அப்பத்தாவின் வலது முன்கையில் தாத்தாவின் பெயர் இருந்தது. இடது முன்கையில் ஒரு கோலமும் அதன் ஓரத்தில் ஒரு தேளும் இருந்தன. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் அப்பத்தா வாயைத் திறக்கமாட்டாள். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது. வலது கையை நீட்டுவாள், வந்தவர் வாசித்து எழுதிக்கொள்வார். அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. அதைக் குத்திய குறத்திக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்து வாத்தியார் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அப்படியே குத்தியிருக்கிறாள். நான் எழுத்துக்கூட்டப் பழகிய வயதில் அந்தப் பெயரில் ஒரு துணைக்கால் விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். “அது கெடக்கு” என்று இடது கையைக் காட்டினாள். “இதுதான் நான் கேட்டுக் குத்திக்கிட்டது.”

கோலம் குத்தியபோது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சேக்காளிகள் மூன்று பேர் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்திக்குக் குத்தும்போது மற்ற இருவரும் அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். வலி தெரியாமலிருக்கக் குறத்தி பாடுவாள். கூலி ஒரு படி நெல். செத்த பிறகு நகையைக் கழற்றிவிடுவார்கள், தாலியை அதற்கு முன்பே அறுத்துவிடுவார்கள், பச்சை மட்டும்தான் கூட வரும் என்று அப்பத்தா சொல்வாள். அவள் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது.

போன வருடம் நாங்கள் நான்கு பேர் ஒரே மாதிரி பச்சை குத்திக்கொள்வது என்று முடிவு செய்தோம். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் கிடந்தவர்கள். எங்களில் ஒருத்திக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்திருந்தது. கதிர்வீச்சுக்கு இடம் குறிக்க அவள் நெஞ்சில் சின்னச் சின்னப் புள்ளிகள் குத்தியிருந்தார்கள். “இது அவங்களுக்கு வேண்டி வச்சது. எனக்கு வேண்டி ஒண்ணு வேணும்டி” என்றாள். டாக்டரும் சரி என்றார். அப்பத்தாவின் இடது கைக் கோலத்தை நான் வரைந்து காட்டினேன். இருவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. நான்காமவள் மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்க அம்மாச்சி ஊர் ஊராப் போயி இதைத்தான் குத்துனா” என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் தன் வீட்டைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம் அது. விடுதியில் யாராவது சாதியைப் பற்றிப் பேசினால் அவள் துணி துவைக்கக் கிளம்பிவிடுவாள். நாங்கள் கவனித்திருக்கிறோம், ஏனென்று கேட்டதில்லை.

அதன் பிறகுதான் நான் பச்சை குத்துவதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1906இல் வெளிவந்த தன் இனவரைவியல் குறிப்புகளில் மையின் பக்குவத்தை எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிக்க வேண்டும். மேலே புதுச்சட்டியைக் கவிழ்த்தால் உட்புறம் கரி படியும். அதைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைக்க வேண்டும். தாய்ப்பால் என்ற சொல்லில் நான் வெகுநேரம் நின்றேன். பச்சை குத்த ஒரு பெண் வருகிறாள், கைக்குழந்தைக்காரி ஒருத்தி பால் பீய்ச்சிக் கொடுக்கிறாள், இன்னொருத்தி கையை நீட்டுகிறாள். ஆண்கள் யாரும் தேவைப்படாத ஒரு தொழிற்கூடம் திண்ணையில் நடந்திருக்கிறது. தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து அட்டவணை போட்டவர். செய்முறையைத் துல்லியமாக எழுதிய அவர், செய்தவள் பெயரை எழுதவில்லை. மின்சார ஊசிக்கு 1891இல் நியூயார்க்கில் காப்புரிமை வாங்கிய சாமுவேல் ஓரைலியின் பெயர் நமக்குத் தெரிகிறது.

அரசாங்கத்துக்கும் தோலில் எழுதத் தெரிந்திருந்தது. கும்பெனி ஆட்சி 1797இல் வங்காளத்தில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தச் சட்டம் போட்டது. பிறகு சென்னை மாகாணத்துக்கும் அது வந்தது, 1849இல்தான் ஒழிந்தது. நெற்றியில் அழகுக்குப் பொட்டுக் குத்திக்கொள்ளும் பெண்கள் இருந்த அதே ஊர்களில்தான் இதுவும் நடந்தது. 1860இல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றிப் போனது. அப்படிப் போனவர்களின் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் என்ற வரிசையில் உடல் அடையாளத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. வடுவும் மச்சமும் பச்சையும் ஆளைப் பிடிக்க உதவும் குறிகளாக அங்கே வந்து உட்கார்ந்தன. சேக்காளிகள் கையைப் பிடித்துக்கொண்டு குத்தியது என்று எழுத எந்தக் கட்டமும் இல்லை.

இதைத் தோழியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். “எங்க வீட்டுக்கு வேற பட்டியல்” என்றாள். 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது குறவர்களில் பல பிரிவுகள் அதில் சேர்க்கப்பட்டன. பதிவு செய்யப்பட்டவர்கள் கைரேகை கொடுக்க வேண்டும், ஊரைவிட்டுப் போனால் அனுமதி வாங்க வேண்டும். இரவில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்கவைத்ததும் உண்டு. சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் நீங்கியது 1947இல். அவள் அம்மாச்சி பகலில் ஊருக்குள் வந்து வீட்டுப் பெண்களின் கையை மடியில் வைத்துக் குத்தியிருக்கிறாள். சாயங்காலம் அதே ஊரில் கோழி காணாமல் போனால் அவள் புருஷனைத் தேடி வந்திருக்கிறார்கள். என் அப்பத்தா வீட்டிலும் அவளைத் திண்ணைக்கு மேலே ஏற்றியிருக்கமாட்டார்கள். கையை மட்டும் நீட்டியிருப்பார்கள். இதை நான் என் அப்பாவிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். (நரிக்குறவர்கள் வேறு, குறவர்கள் வேறு, மொழியும் வேறு. தோழி இதை எங்களுக்கு இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.)

“அப்ப இதைக் குத்திக்க வேணாமா?” என்று கேட்டேன்.

“குத்திக்கங்கடி. அவளுக்கும் அது பிழைப்புதான். அழகாக் குத்துவா. ஆனா ஒங்க அப்பத்தா கோலம், அப்பத்தா கோலம்னு சொல்றப்ப எனக்குக் கோவம் வருது. ஒங்க அப்பத்தா கையை நீட்டுனா, அவ்வளவுதான்.”

எனக்கு முகம் சுண்டிப்போனது. பதில் சொல்ல ஒன்றுமில்லை.

மதுரையில் ஒரு கடைக்குப் போனோம். ஒப்புதல் படிவம், கையுறை, உறை பிரித்துக் காட்டிய புது ஊசி, அங்குலத்துக்கு இவ்வளவு என்று கூலி. நாங்கள் மூன்று பேரும் கோலத்தைக் குத்திக்கொண்டோம். ஒருத்திக்குக் குத்தும்போது மற்றவர்கள் கையைப் பிடித்துக்கொண்டோம். வலி கொஞ்சம்தான், ஆனாலும் பிடித்துக்கொண்டோம்.

தோழி கடைசியாக உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அம்மாச்சி தொழில் பழகிய வயதில் தன் இடது காலிலேயே குத்திப் பார்த்திருக்கிறாள். கெண்டைக்கால் முழுக்கக் கோணலும் பாதியுமான வடிவங்களாம். அவற்றில் ஒன்றை நினைவிலிருந்து வரைந்து கொண்டுவந்திருந்தாள். நான்கு புள்ளி, மூன்றைச் சுற்றிவந்து பாதியில் நின்றுபோன ஒரு வளைவு.

கடைக்காரத் தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அக்கா, இந்த இடத்துல கோடு சேரலையே. முடிச்சு விட்ரவா?”

“வேணாம் தம்பி. அவ அங்கதான் நிறுத்தியிருந்தா.”