புரதக் குறிப்பான்கள் (புற்றுநோய்)

புற்றுநோயாளியின் உயிர்வாழ்வையும், கதிர்வீச்சுக்குக் கட்டி எந்த அளவு இணங்கும் என்பதையும் முன்கணிக்க உதவும் புரதங்கள். சில திசுவிலும் சில இரத்தத்திலும் அளக்கப்படும். தொண்டைப் புற்றில் பி16 புரதம் 70 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட கட்டிச் செல்களில் அடர்ந்து தெரிந்தால் பாப்பிலோமா வைரஸ் சார்ந்த நோயெனக் கொள்வர். இத்தகைய கட்டிகள் கதிர்வீச்சுக்கு நன்கு இணங்குகின்றன. அதை நம்பி சிஸ்பிளாட்டின் மருந்துக்குப் பதில் செட்டுக்சிமாப் மருந்தைக் கொடுத்த ஆய்வுகளில் உயிர்வாழ்வு குறைந்தது. புகையிலையால் வரும் வாய்ப்புற்றுக்கு இக்கணிப்பு பொருந்தாது. அவ்வகைப் புற்று மிகுந்த தமிழ்நாட்டில் இவ்வேறுபாடு மிக முக்கியம். கருப்பைவாய்ப் புற்றில் 1977இல் விவரிக்கப்பட்ட எஸ்.சி.சி. (செதிள் செல் புற்று) ஆன்டிஜென் என்னும் இரத்தக் குறிப்பான் பயன்படுகிறது: சிகிச்சைக்கு முன் மிகுந்திருந்தால் நிணநீர்க் கணுப் பரவலையும், பின்னர் குறையாவிடில் எஞ்சிய நோயையும் ஐயுறலாம்.