இருமுறை ஒலித்த மணி

ஒன்பது முறை ஒலித்து ஓய்கிறது கடிகாரம். இரண்டு நிமிடம் கழிகிறது. மீண்டும் அதே ஒன்பது! பழுதல்ல தோழர்களே, அதன் பண்பே அதுதான். முதன்முறை எண்ணத் தவறியவன் மறுமுறை எண்ணிக் கொள்ளட்டும் என்று அமைத்தான் அதைச் செய்த கைவினைஞன்.

பிரான்சின் கிழக்கெல்லையில் ஜூரா மலை. அங்கே மொர்பியே, மோரே எனும் சிற்றூர்கள். ஆளுயர மரப்பேழைக்குள் ஊசல் அசைய நின்று மணி சொல்லும் 'கொந்த்துவாஸ்' கடிகாரத்தின் தாயகம் அவையே. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கே அது உருவாயிற்று.

கோடையில் மாடு மேய்த்த கைகள், பனி மூடிய நெடிய குளிர்காலத்தில் இரும்பை அறுத்தன, அராவின. ஒரு வீட்டில் பற்சக்கரம், மறு வீட்டில் மணி, இன்னொரு வீட்டில் முகப்பு. இரும்புச் சட்டக்கூட்டுக்குள் இரண்டு சக்கரத் தொடர்கள்: ஒன்று நேரங்காட்ட, மற்றொன்று மணியடிக்க. எடைக்குண்டுகள் மெல்ல இறங்கும், சக்கரங்கள் சுழலும். ஒருமுறை முடுக்கினால் எட்டு நாள் ஓடும். மாயமல்ல, மந்திரமல்ல, மனிதனின் அறிவு!

அந்த அறிவு படைத்தோரின் நிலை என்ன? அடிமை நிலை! அவர்கள் வாழ்ந்த மாநிலத்தின் பெயர் பிரான்ஷ்-கோந்தே. 'சுதந்திரச் சீமை' என்பது பொருள். பெயரில் சுதந்திரம், வாழ்வில் விலங்கு! செயின்ட் குளோத் மடத்தின் நிலம் அது. ஓராண்டும் ஒருநாளும் அங்குக் குடியிருந்தவன் மடத்தின் பண்ணையடிமையாவான். அவன் இறந்தால், ஒரே அடுப்பில் உண்டு உடன் வாழ்ந்த உறவினர் இல்லையேல், உடைமை மடத்துக்கே. தனிக்குடித்தனம் சென்ற மகனுக்குத் தந்தையின் சம்மட்டியும் இல்லை! 1742இல் மடம் ஆயர் பீடமாயிற்று, மடத்துறவிகள் குருமாராயினர். அடிமைத்தளை மட்டும் அப்படியே இருந்தது.

பொறுத்தது போதும் என்று எழுந்தன ஆறு ஊர்கள். மொர்பியேவும் மோரேயும் அவற்றுள் அடக்கம். வழக்குரைஞர் கிறிஸ்தேன் வாதாட முன்வந்தார். அண்டையிலிருந்த ஃபெர்னேயிலிருந்து முதியவர் வால்டேர் எழுதுகோல் ஏந்தினார். 1770இல் மன்னரின் மன்றத்துக்கு முறையீடு சென்றது. 1775இல் பெசான்சோன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, குருமாருக்குச் சார்பாக! 1778இல் வால்டேர் மறைந்தார். 1779இல் பதினாறாம் லூயி தன் சொந்த நிலங்களில் அடிமைமுறையை ஒழித்து, ஏனையோரும் பின்பற்றுக என்றான். குருமார் பின்பற்றவில்லை. வேண்டுகோளுக்கு வளையாத ஆதிக்கம் 1789இல் புரட்சிக்கு வளைந்தது. ஆகஸ்டு 4ஆம் நாள் இரவு, தேசிய மன்றத்தில் அந்தத் தளை அறுந்தது.

கடிகாரத்தின் தலைத்தகட்டைப் பாருங்கள். புரட்சிக்கு முன் அதில் மன்னனின் முடியும் லில்லி மலரும். புரட்சி வந்ததும் பல கடிகாரங்களில் அந்த மலரை அரம் தின்றது. பின்னர் நெப்போலியனின் கழுகு. மன்னராட்சி மீண்டதும் மீண்டும் லில்லி! ஆண்டவர் சின்னமெல்லாம் ஏறி இறங்கின. வெண்முகப்பில் எழுதப்பட்ட பெயரோ பெரும்பாலும் விற்ற வணிகனுடையது. செய்தவன் பெயர் எங்கே?

பெயர் இல்லை, பணி இருக்கிறது. இன்றும் அருங்காட்சியகங்களில் அக்கடிகாரங்கள் நிற்கின்றன. முடியும் மடமும் வீழ்ந்தன, உழைத்தவனின் சக்கரம் ஓடுகிறது. 1775இல் அவன் உரிமைக்குரல் ஒலித்தது, கேளாதவர்போல் இருந்தனர். 1789இல் மீண்டும் ஒலித்தது. கேட்டே தீர வேண்டியதாயிற்று. முதன்முறை செவிசாய்க்காத உலகுக்கு மறுமுறையும் ஒலிக்க வேண்டும். அந்த மணி சொல்லும் பாடம் அதுவே!