பொமரேனியன் நாய்க்குட்டிப் பயிற்சி

பொமரேனியன் நாய்க்குட்டிப் பயிற்சி என்பது, வளர்ந்த பின்னும் ஏறக்குறைய 1.4 முதல் 3.2 கிலோகிராம் எடையே கொண்ட இச்சிற்றின நாயை வீட்டுத் தூய்மைக்கும் எளிய கட்டளைகளுக்கும் பழக்குவதாகும். குட்டியின் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. ஆதலால் உறங்கி எழுந்ததும், உண்ட பின்னும், விளையாடிய பின்னும் அதனை ஒரே இடத்திற்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கு கழித்த உடனேயே சிறு தின்பண்டம் அளிக்கப்படும். வீட்டினுள் கழித்ததற்காக அடித்தால், குட்டி அவ்விடத்திற்கு அன்று, அடித்தவருக்கே அஞ்சும். பின்னர் கட்டிலடியில் மறைந்து கழிக்கும்.

"உட்கார்" என்னும் கட்டளையைப் பழக்க, தின்பண்டத்தை மூக்கிற்கு மேலாகப் பின்னோக்கி நகர்த்துவர். தலை உயர, பின்புறம் தானே தாழும். தின்பண்டத்திற்கு ஏங்க வேண்டுமெனக் குட்டியைப் பட்டினி போடுதல் தீங்கானது. இரத்தச் சர்க்கரை விரைவில் குறைந்து நடுக்கமும் வலிப்பும் ஏற்படலாம்.