மின்னஞ்சல் சேர்வரை வேகப்படுத்தும் ஃபிளாஷ் இடைச்சேமிப்பு: பயன் என்ன, ஆபத்து எங்கே?

திங்கட்கிழமை காலை. அலுவலகத்துக்கு வந்த அனைவரும் ஒரே நேரத்தில் மின்னஞ்சலைத் திறக்கிறார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இணைய இணைப்பு மெதுவாக உள்ளது என்றுதான் முதலில் சொல்வார்கள். ஆனால் சொந்தமாக மின்னஞ்சல் சேர்வர் வைத்திருக்கும் நிறுவனங்களில், தாமதத்துக்குக் காரணம் சேர்வருக்குள் சுழலும் வன்தட்டாகவும் இருக்கலாம்.

இந்தத் தாமதத்தைக் குறைக்கும் வழிகளில் ஒன்று ஃபிளாஷ் இடைச்சேமிப்பு. தொழில்நுட்பவியலாளர்கள் இதனைக் 'கேஷ்' என்பார்கள். இதனைப் பொருத்துவது கடினமல்ல. ஆனால் எந்த முறையில் பொருத்துகிறோம் என்பதில்தான் கடிதங்களின் பாதுகாப்பு தங்கியிருக்கிறது.

வன்தட்டு ஏன் திணறுகிறது?

சாதாரண வன்தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிசெக்கன் ஆகும். வேண்டிய தரவு வாசிப்பு முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிசெக்கனுக்குச் சற்று அதிகமாகக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னர் முனை சரியான தடத்துக்கு நகரவும் வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஒரு வாசிப்புக்கு 12 மில்லிசெக்கன் அளவில் செலவாகும். ஆகவே இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் தரவுகளை ஒரு வன்தட்டால் செக்கனுக்கு ஏறக்குறைய 80 தடவைதான் வாசிக்க முடியும்.

பெரிய காணொளியைத் தொடர்ச்சியாக வாசிப்பதென்றால் இது சிக்கலல்ல. மின்னஞ்சலின் இயல்பு வேறு. ஒருவர் புதிய கடிதத்தைத் திறக்கிறார், இன்னொருவர் மூன்று வருடங்களுக்கு முந்திய இணைப்பைத் தேடுகிறார், வேறொருவர் கோப்புறையை மாற்றுகிறார். சிறிய சிறிய வாசிப்புகள், தட்டின் வெவ்வேறு இடங்களில். செக்கனுக்கு 400 வாசிப்புகள் தேவைப்பட்டால், ஒரு தட்டு அவற்றை முடிக்க ஐந்து செக்கன் எடுக்கும். அதற்குள் அடுத்த கோரிக்கைகள் வரிசையில் சேர்ந்துவிடும்.

ஃபிளாஷ் என்ன செய்கிறது?

ஃபிளாஷ் நினைவகத்தை ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய பொறியியலாளர் புஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கினார். அதில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. மின்சாரம் நின்றாலும் பதிந்த தரவு அழியாது. எஸ்எஸ்டி எனப்படும் ஃபிளாஷ் சேமிப்பகத்தில் ஒரு வாசிப்புக்கு ஏறத்தாழ 0.1 மில்லிசெக்கனே போதும்.

எல்லாத் தரவையும் எஸ்எஸ்டியில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். பல டெராபைற் கடிதங்களுக்கு அது செலவு கூடிய தீர்வு. மேலும், பழைய கடிதங்களில் பெரும்பாலானவற்றை யாரும் தினமும் திறப்பதில்லை. எனவே அடிக்கடி கேட்கப்படும் பகுதிகளின் பிரதியை மட்டும் சேர்வரில் பொருத்திய சிறிய எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்வதே இடைச்சேமிப்பின் அடிப்படை.

100 வாசிப்புகளில் 50 மட்டும் ஃபிளாஷில் கிடைத்தால், சராசரி நேரம் 12 மில்லிசெக்கனிலிருந்து 6 ஆகத்தான் குறையும். 90 கிடைத்தால் அது 1.3 ஆகிறது. 99 கிடைத்தால் 0.2 அளவுக்கு இறங்குகிறது. ஆகவே எஸ்எஸ்டியின் வேகத்தைவிட, தேவையான தரவு அதில் இருக்கிறதா என்பதே முக்கியம்.

எக்ஸ்சேஞ்ச் காட்டும் உதாரணம்

2010இல் முகநூல் நிறுவனம் 'ஃபிளாஷ்கேஷ்' என்ற மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. 2013இல் லினக்ஸ் கருவிலேயே 'டிஎம்-கேஷ்', 'பிகேஷ்' என்ற இரண்டு வசதிகள் சேர்க்கப்பட்டன. இவை எந்தத் தரவுக்கும் பொதுவானவை. மின்னஞ்சலுக்கென்றே இதனைச் செய்தது மைக்ரோசொப்ட். 2018 ஒக்டோபரில் வந்த எக்ஸ்சேஞ்ச் சேர்வர் 2019இல் 'மெட்டாகேஷ் தரவுத்தளம்' என்ற வசதி அறிமுகமானது.

கோப்புறை அமைப்பு, தேடல் சுட்டிகள், சிறிய கடிதங்கள் போன்றவற்றின் பிரதியை இது எஸ்எஸ்டியில் வைக்கிறது. முழுக் கடிதங்களும் வழமைபோல் வன்தட்டிலேயே இருக்கின்றன. மூன்று வன்தட்டுகளுக்கு ஒரு எஸ்எஸ்டி என்பதும், வன்தட்டுக் கொள்ளளவில் 5 முதல் 10 வீதம் வரை எஸ்எஸ்டி போதும் என்பதும் மைக்ரோசொப்டின் வழிகாட்டல். எஸ்எஸ்டி பழுதானால் சேர்வர் மீண்டும் மெதுவாகும், ஆனால் கடிதம் தொலையாது. ஒரே தரவுத்தளத்தின் பிரதிகளைப் பல சேர்வர்களில் வைத்திருக்கும் அமைப்பில் மட்டுமே இந்த வசதி இயங்கும் என்பதும் கவனிக்கத்தக்கது.

2019 பதிப்புக்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. இன்று புதிதாக நிறுவுவோர் அதற்கு அடுத்து வந்த சந்தாப் பதிப்பையே நிறுவ வேண்டும்.

எழுதும்போதுதான் ஆபத்து

இதுவரை பார்த்தது வாசிப்பு. புதிய கடிதம் வரும்போது அதை எங்கே எழுதுவது என்பதற்கு இரண்டு முறைகள் உள்ளன.

முதலாவது முறையில், கடிதம் வன்தட்டில் பதிந்த பின்னரே 'பதிந்துவிட்டது' என்று சேர்வருக்குப் பதில் செல்லும். வேகம் குறைவு, ஆனால் எஸ்எஸ்டி செத்தாலும் இழப்பில்லை. இரண்டாவது முறையில், எஸ்எஸ்டியில் விழுந்த உடனேயே பதில் சென்றுவிடும். வன்தட்டுக்குப் பின்னர் ஆறுதலாக மாற்றப்படும். வேகம் அதிகம். ஆனால் மாற்றப்படுவதற்கு முன்னர் எஸ்எஸ்டி பழுதானால், அந்த இடைவெளியில் வந்த கடிதங்கள் போய்விடும். தரவுத்தளமே குழம்பவும் கூடும்.

மின்சாரத்தையும் யோசிக்க வேண்டும். விலை குறைந்த எஸ்எஸ்டிகள் பல, எழுதவேண்டிய தரவைத் தமது தற்காலிக நினைவகத்தில் சிறிது நேரம் வைத்திருக்கும். மின்சாரம் திடீரென நின்றால் அது அழிந்துவிடும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாட்டில் இது ஏட்டளவிலான அச்சமல்ல. மின்தடைப் பாதுகாப்பு உள்ள எஸ்எஸ்டியும் யூபிஎஸ்ஸும் அவசியம்.

காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், இழப்பீடு தொடர்பான முறைப்பாடுகளும் அவற்றின் இணைப்புகளும் இன்று மின்னஞ்சல் வழியாகவும் போய்வருகின்றன. இடம்பெயர்வுகளில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் இழந்தவர்களுக்கு, ஒரே பிரதியை நம்பியிருப்பதன் விலை தெரியும். அத்தகைய ஆவணங்களைக் கையாளும் இடத்தில் சில மில்லிசெக்கன் வேகத்துக்காக இரண்டாவது முறையைத் தேர்வது சரியல்ல.

வாங்குவதற்கு முன்

• முதலில் அளந்து பாருங்கள். வன்தட்டுக்கான காத்திருப்பு அதிகமாக இருந்தால் மட்டுமே கேஷ் உதவும். வலையமைப்பு மெதுவாக இருந்தால் உதவாது.

• மொத்தக் கடிதங்களும் சில நூறு கிகாபைற்றுக்குள் என்றால், கேஷ் தேவையில்லை. ஒன்றையொன்று பிரதி செய்யும் இரண்டு எஸ்எஸ்டிகளில் முழுவதையும் வைப்பதே இலகு.

• லினக்ஸில் டவ்கொட் பயன்படுத்துவோர் சுட்டிக் கோப்புகளை மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றலாம். அவை அழிந்தாலும் கடிதங்களிலிருந்து மீண்டும் உருவாக்கலாம்.

• ஃபிளாஷ் எழுத எழுதத் தேயும். கேஷில் எழுத்து வேலை அதிகம். எனவே எழுதும் ஆயுள் அதிகமுள்ள, சேர்வருக்கென்றே தயாரிக்கப்பட்ட எஸ்எஸ்டியை வாங்குங்கள்.

• கேஷ் காப்புப்பிரதி அல்ல. இன்னொரு கட்டடத்தில், முடிந்தால் இன்னொரு ஊரில், தனியான காப்புப்பிரதி இருக்க வேண்டும். அதிலிருந்து கடிதங்களை மீட்க முடிகிறதா என்பதையும் இடையிடையே சோதித்துப் பாருங்கள்.