குதிரையின் கோடை அரிப்பும் நுண்தாதுக்களும்: காரணம் தேடிய வரலாறு

கோடை தொடங்கிய சில வாரங்களில் சில குதிரைகளுக்குப் பிடரியிலும் வாலடியிலும் அரிப்பு கிளம்புகிறது. குதிரை வேலிக்கம்பம், மரம், லாயத்தின் கதவுநிலை என்று எது கிடைத்தாலும் அதில் உடம்பைத் தேய்க்கிறது. முதலில் பிடரி மயிர் முறிந்து குச்சி குச்சியாக நிற்கும். பிறகு தோல் உரிந்து நீர் கசியும், பொருக்குத் தட்டும். ஆண்டுதோறும் இப்படியே நடந்தால் பிடரித் தோல் தடித்து மடிப்பு மடிப்பாகிவிடும். வால் எலிவால்போல் ஆகிவிடும். குளிர்காலம் வந்தால் எல்லாம் அடங்கி மயிர் மீண்டும் முளைக்கும். அடுத்த கோடையில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

இங்கிலாந்தில் இதை 'ஸ்வீட் இட்ச்' என்றும், ஆஸ்திரேலியாவில் 'குவீன்ஸ்லாந்து இட்ச்' என்றும், ஐஸ்லாந்துக் குதிரை வளர்ப்போர் 'கோடைச் சொறி' என்றும் அழைத்தனர். ஒரே நோய்தான் என்று தெரியாத காலத்தில் ஊருக்கொரு காரணமும் சொல்லப்பட்டது. தீவனத்தில் ஏதோ குறைகிறது என்ற எண்ணம் அவற்றுள் நெடுங்காலம் நீடித்தது. இன்றும் முற்றாக மறையவில்லை. அந்த எண்ணம் வெறும் கற்பனையில் பிறந்ததன்று. குதிரையின் மயிரும் தோலும் மண்ணிலுள்ள தாதுக்களோடு கட்டுண்டவை என்பதற்கு உண்மையான சான்றுகள் இருந்தன.

அவற்றுள் பழைய சான்று அமெரிக்காவினுடையது. 1856-இல் இன்றைய தெற்கு டகோட்டாவிலிருந்த ராண்டல் கோட்டையில், படை மருத்துவர் மேடிசன் குதிரைகளிடையே ஒரு நோயைக் கண்டார். பிடரி மயிரும் வால் மயிரும் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. குளம்புகள் வீங்கி வெடித்தன. 1930-களில் தெற்கு டகோட்டாவில் குர்ட் ஃபிராங்க் நடத்திய ஆய்வுகளே இத்தகைய நோய்க்குக் காரணம் செலினியம் என்று காட்டின. அந்த மண்ணில் செலினியம் மிகுந்திருந்தது; புல் வழியாக அது குதிரையின் உடலுக்குள் சென்றது. மயிருக்கும் குளம்புக்கும் உறுதி தரும் கெரட்டின் புரதத்தில் கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் செலினியம் புகுந்துகொள்ளும். அதனால்தான் அந்த இரண்டு உறுப்புகளும் முதலில் அடிபடுகின்றன.

தொலைவிலிருந்து பார்த்தால் இந்த நோயும் கோடை அரிப்பும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் பிடரியும் வாலும்தான் மொட்டையாகின்றன. அருகில் சென்று பார்த்தால் வேறுபாடு தெளிவாகிவிடும். செலினிய நஞ்சில் குதிரை உடம்பைத் தேய்ப்பதில்லை. மயிர் அடியோடு கழன்று விழுகிறது. குளம்பின் மேல்விளிம்பில் வெடிப்பு ஓடுகிறது. கோடை அரிப்பில் குளம்புக்கு எதுவும் ஆவதில்லை. மயிர் தேய்த்துத் தேய்த்தே முறிகிறது.

துத்தநாகத்தின் கதை நேர்மாறானது. அங்கே சிக்கல் மிகுதியில் இல்லை, குறைவில் இருக்கிறது. எலிகளுக்குத் துத்தநாகம் இன்றியமையாதது என்பது 1934-இல் நிறுவப்பட்டது. பன்றிகளின் தோல் செதில் செதிலாகத் தடிக்கும் நோயைத் துத்தநாகம் குணப்படுத்தும் என்று டக்கரும் சால்மனும் 1955-இல் காட்டினர். 1973-இல் துத்தநாகம் மிகவும் குறைந்த தீவனத்தைக் கொடுத்துக் குதிரைக் குட்டிகளை வளர்த்துப் பார்த்தபோது, அவற்றுக்கும் அதே தோல்நோய் வந்தது. அது முதலில் கால்களின் கீழ்ப்பகுதியில் தோன்றிப் பின்னர் மேலேறியது. உடம்பில் எங்கே தொடங்குகிறது என்ற இந்த ஒரு குறிப்பே கோடை அரிப்பிலிருந்து அதைப் பிரித்துக் காட்டப் போதுமானது.

கோடை அரிப்பின் உண்மைக் காரணம் 1950-களில் ஆஸ்திரேலியாவில் வெளிப்பட்டது. குவீன்ஸ்லாந்தில் ரீக் என்ற ஆய்வாளர் பல்வேறு கடிப்பூச்சிகளின் சாற்றைக் குதிரைத் தோலுக்குள் செலுத்தி, எது வீக்கத்தை உண்டாக்குகிறது என்று சோதித்தார். கியூலிகாய்டஸ் என்னும் மிகச் சிறிய கடிப்பூச்சியின் சாற்றுக்கு நோயுள்ள குதிரைகளின் தோல் எதிர்வினை காட்டியது. 1 முதல் 3 மில்லிமீட்டர் வரையே நீளமுள்ள இந்தப் பூச்சி சேற்றிலும் ஈரச் சாணத்திலும் பெருகும். அந்திப்பொழுதிலும் விடியலிலும் கடிக்கும். காற்று சற்று வீசினாலே பறக்க முடியாமல் ஒதுங்கிவிடும். தமிழ்நாட்டில் செம்மறியாடுகளை வாட்டும் நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இதே பேரினத்துப் பூச்சிகள்தான். 1974-இல் இங்கிலாந்தில் மெல்லரும் மெக்கேய்க்கும் அந்நாட்டு ஸ்வீட் இட்சுக்கும் கியூலிகாய்டஸே காரணமாக இருக்கக்கூடும் என்று காட்டினர். பூச்சியின் உமிழ்நீரிலுள்ள புரதங்களுக்கு எதிராகக் குதிரையின் உடல் ஒவ்வாமை எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. ஒவ்வொரு கடியும் தோலில் ஹிஸ்டமினை வெளியேற்றுகிறது. அரிப்பு அங்கிருந்து எழுகிறது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு மிக உறுதியான சான்று ஐஸ்லாந்திலிருந்து கிடைத்தது. ஐஸ்லாந்துக் குதிரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பிற நாட்டுக் குதிரைகளோடு கலவாமல் வளர்ந்த இனம். அந்த நாட்டில் நெடுங்காலம் கியூலிகாய்டஸ் இல்லாததால் கோடை அரிப்பும் இருக்கவில்லை. ஆனால் அங்கே பிறந்து வளர்ந்த குதிரைகளை ஐரோப்பியப் பெருநிலத்துக்குக் கொண்டுசென்றால் நோய் பாய்ந்து பிடிக்கிறது. சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு 1987-இல் வெளியானது. ஐஸ்லாந்திலிருந்து வந்தவற்றில் 26.2 விழுக்காட்டுக் குதிரைகளுக்கு நோய் இருந்தது; சுவீடனிலேயே பிறந்த ஐஸ்லாந்து இனக் குதிரைகளில் 6.7 விழுக்காட்டுக்கு மட்டுமே இருந்தது. 2006-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஏற்றுமதியான 330 குதிரைகளில் 114 நோயுற்றிருந்தன.

இந்த இடத்தில் தாதுக்களைப் பற்றிய ஒரு முக்கியமான உண்மையைக் கவனிக்க வேண்டும். ஐஸ்லாந்தின் எரிமலை மண்ணில் விளையும் புல்லில் செலினியம் குறைவு. தாதுக் குறைவே கோடை அரிப்புக்குக் காரணமாக இருந்தால், ஐஸ்லாந்துக் குதிரைகள் தாய்நாட்டிலேயே நோயுற்றிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. கடல் கடந்து பூச்சியைச் சந்தித்த பிறகே அவை நோயுற்றன. குறைபாட்டுக் கொள்கைக்கு எதிரான சான்றுகளில் இதைவிட வலுவானது வேறில்லை.

பிறகு ஏன் அந்தக் கொள்கை பிழைத்திருக்கிறது? ஒரு காரணம் இரத்தப் பரிசோதனை. அரிப்பால் வாடும் குதிரையின் இரத்தத்தில் துத்தநாகம் குறைந்திருந்தால், அதுவே நோய்க்கு மூலம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உடலில் எங்கே அழற்சி உண்டானாலும் துத்தநாகம் இரத்தத்திலிருந்து ஈரலுக்கு இழுக்கப்படும். செம்பைச் சுமக்கும் புரதம் பெருகி, இரத்தச் செம்பு கூடும். நோயின் விளைவையே நோயின் காரணமாகப் படிக்கும் பிழை இதனால் எளிதில் நேர்கிறது.

இதனால் தாதுக்களுக்கு இடமே இல்லை என்றாகாது. தோலணுக்கள் பெருகவும் புண் ஆறவும் துத்தநாகம் வேண்டும். தோலின் இழைகள் ஒன்றோடொன்று பிணைய, மயிர் நிறம் பெற, செம்பு வேண்டும். அழற்சியில் பிறக்கும் ஆக்சிஜன் நச்சுப்பொருள்களைத் தணிக்கும் நொதியில் செலினியம் இருக்கிறது என்பது 1973-இல் தெரிந்தது. அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 2007-இல் வெளியிட்ட கணக்கின்படி, வேலையில்லாத 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குத் துத்தநாகம் 400 மில்லிகிராம், செம்பு 100 மில்லிகிராம், செலினியம் 1 மில்லிகிராம் தேவை. உலர்புல்லை மட்டும் தின்னும் குதிரைக்குத் துத்தநாகமும் செம்பும் பெரும்பாலும் இந்த அளவை எட்டுவதில்லை. அப்போது தாது உப்புக் கலவை தருவது நியாயமே. அது தேய்ந்து புண்ணான தோலை ஆற்ற உதவும். பூச்சியின் உமிழ்நீரை உடல் பகையாகக் கருதுவதை மாற்றாது.

அளவு மிகுந்தால் செலினியம் கொல்லும். 2009 ஏப்ரலில் ஃபுளோரிடாவில் போலோ போட்டிக்கு ஆயத்தமான 21 குதிரைகள் ஊட்ட ஊசி போடப்பட்ட சில மணி நேரத்தில் மாண்டன. மருந்தைக் கலந்தபோது அளவு பிழைத்துச் செலினியம் மிகுந்துபோயிருந்தது. அரிப்புக்கு மருந்து என்று தாதுக்களை மேலும் மேலும் சேர்ப்பவர்கள் இந்தப் பக்கத்தை மறக்கக் கூடாது.

ஆய்வு இப்போது ஒவ்வாமையின் வேரை நோக்கித் திரும்பியிருக்கிறது. பூச்சி உமிழ்நீரின் புரதங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து, அவற்றால் தடுப்பூசி செய்யும் முயற்சி சுவிட்சர்லாந்திலும் ஐஸ்லாந்திலும் நடக்கிறது. அழற்சியணுக்களைத் தூண்டும் இன்டர்லூகின்-5 என்னும் பொருளுக்கு எதிரான தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைத்ததாக 2018-இல் சூரிச் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இத்தகைய தடுப்பூசி பயன்பாட்டுக்கு வரும்வரை வளர்ப்போர் கையிலிருப்பவை அந்திக்கு முன் குதிரையை லாயத்தில் கட்டுதல், காதிலிருந்து வால்வரை மூடும் நுண்வலைப் போர்வை, காற்றோட்டத்துக்கு மின்விசிறி ஆகியவைதான். ஐஸ்லாந்தும் முன்போல் பாதுகாப்பாக இல்லை: 2015-இல் அந்நாட்டின் தென்மேற்கில் கியூலிகாய்டஸ் இனம் ஒன்று முதன்முறையாகக் கண்டறியப்பட்டது.