லேண்ட் ரோவர் சீரிஸ் 3: பற்றவைப்பு, ஐடிலிங் கோளாறறிதல்

1971 முதல் 1985 வரை பிரிட்டனில் தயாரான லேண்ட் ரோவர் சீரிஸ் 3 வாகனத்தின் 2,286 சி.சி. பெட்ரோல் எஞ்சின், ஐடிலிங்கில் குலுங்குவதன் காரணத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முறை. கோளாறுகள் பற்றவைப்பு, எரிபொருள், இயந்திரம் என மூவகைப்படும்.

பற்றவைப்பு: நான்கு சிலிண்டர்களின் எரிவரிசை 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.35–0.40 மி.மீ. பாயிண்ட் விரைவில் கருகுவது கண்டென்சர் பழுதின் அறிகுறி. பிளக் வயர்களை ஒவ்வொன்றாகத் துண்டிக்கையில், எஞ்சின் வேகம் குறையாத சிலிண்டரே சரியாக எரியாதது.

எரிபொருள்: ஜெனித் கார்புரேட்டரின் மேல்பகுதி வளைதல், ஐடில் ஜெட் அடைப்பு, மேனிஃபோல்டு காற்றுக்கசிவு ஆகியன முதன்மையானவை.

இயந்திரம்: வால்வு இடைவெளி 0.25 மி.மீ.; கம்ப்ரஷன் அழுத்தமும் அளக்கப்படும்.

கணினிப் பழுதுக்குறியீடு இல்லாத இவ்வகை எஞ்சின்களில் இவ்வரிசைச் சோதனையே அடிப்படை.